மூன்றாவது கொன்ரொட்

எங்கள் வீட்டில் உடுப்புத் தோய்க்கும் மெஷின் ஓடத் தொடங்கினால் அப்பா எழுந்து வெளியே போய்விடுவார். மழையென்றாலும் போவார், பனியென்றாலும் போவார். மொன்றியலின் செயின்ட்-மிஷேலில் நாங்கள் இருப்பது இரண்டாம் மாடி. வெளிப்பக்கமாக வளைந்து இறங்கும் இரும்புப் படிக்கட்டின் கடைசிப் படியில், கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, தெருவைப் பார்த்தபடி நிற்பார். மெஷின் நின்றதும் அம்மா யன்னலைத் தட்டுவார். அப்பா ஏறி வருவார். எல்லா வீட்டிலும் அப்பாக்கள் இப்படித்தான் என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன்.

யாரும் பேசாத இன்னொன்று சாமித்தட்டில் இருந்தது. ஒரு புகைப்படம். மூக்கு உருண்ட ஒரு பழைய காரின் பொனெற்றில் ஐந்து வயதுப் பெண்பிள்ளை ஒன்று வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். "அக்கா" என்று அம்மா சொல்லித் தந்திருந்தார். "காய்ச்சலில போனவள்." அவ்வளவுதான். நான் மொன்றியலில் பிறப்பதற்குப் பல வருடங்கள் முன்பே அவள் போய்விட்டாள். அவளுடைய முகத்தைவிட அந்தக் காரின் முகம்தான் எனக்கு நன்றாகத் தெரியும். சாமி கும்பிடச் சொன்னால், அதன் முன்பக்கக் கம்பிகளை எண்ணிக்கொண்டு நிற்பேன்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவள் நான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. அப்பா பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. தன் பெயரை மட்டும், படம் கீறுவதுபோல, மெதுவாக எழுதுவார். அம்மா இரண்டாம் வகுப்போடு நின்றவர். எட்டு வயதிலிருந்து வீட்டுக்கு வரும் கடிதங்களை நான்தான் பிரெஞ்சில் வாசித்துத் தமிழில் சொன்னேன். படிவங்களில் கையெழுத்து வைக்கவேண்டிய இடத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளடி போட்டுக் கொடுப்பேன். அப்பா என்ன ஏது என்று கேட்கமாட்டார். "நீ பாத்தனிதானே," என்றுவிட்டு, புள்ளடி இருந்த இடத்தில் தன் பெயரைக் கீறுவார். நான் பார்த்தேன் என்றால் அது சரி. அந்த நம்பிக்கையைத் தின்றுதான் வளர்ந்தேன்.

இயந்திரப் பொறியியல் முடித்தபோது, இந்த நாட்டு வழக்கப்படி, வேலை செய்யும் கையின் சுண்டுவிரலில் போட்டுக்கொள்ள ஒரு வளையம் தந்தார்கள். வெறும் இரும்பு நிறம். அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இவ்வளவு படிச்ச பிள்ளையளுக்குத் தங்கத்தில ஒண்டு குடுக்க ஏலாதோ உவையளுக்கு?"

ஆனாலும் கோயிலில் யாரைக் கண்டாலும், "கையைக் காட்டு பிள்ளை," என்பார். நானும் காட்டுவேன்.

வேலை ஆற்றுக்கு அக்கரையில், லொங்குய்ய்யில் கிடைத்தது, விமான எஞ்சின் பாகங்கள் செய்யும் இடத்தில். அங்கே ஒரு விதி உண்டு. ஒரு நட்டை இறுக்கியவர் தானே அதைச் சரிபார்க்கக்கூடாது. இறுக்கியவர் விலகி நிற்க, இன்னொருவர் வந்து டோர்க் ரென்ச்சைப் போட்டுப் பார்க்கவேண்டும். டோர்க் ரென்ச் என்பது, நாம் குறித்துவைத்த இறுக்கம் வந்ததும் 'கிளிக்' என்று கையில் தட்டும் சாவி. நட்டு அசையாமலே கிளிக் என்றால் சரி. அதன் பிறகுதான் நட்டையும் அது உட்கார்ந்திருக்கும் இரும்பையும் சேர்த்து ஒரு சிவப்புக் கோடு போடுவோம். கோடு இருந்தால் இரண்டு பேர் பார்த்தாயிற்று என்று அர்த்தம். பிறகு யாரும் அதைத் தொடமாட்டார்கள்.

இந்த விதியை எனக்குச் செய்து காட்டியவள் கடைசல் இயந்திரத்தில் வேலை செய்த ஒரு கியூபெக்காரி. ஐம்பது வயது தாண்டியவள். பிரெஞ்சில் நாங்கள் இருவரும் நீ, நான் என்றே பேசுவோம். அதனால் தமிழிலும் 'அவள்' என்றே எழுதுகிறேன். தொழிற்சாலையிலிருந்து இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி அவளுடைய வீடு. வீட்டில் அம்மாக் கிழவியும் அவளும் மட்டும். நான் அவளை மனதுக்குள் லொங்குய்ய்க்காரி என்று கூப்பிடுவேன். அவள் என்னை எல்லோர் முன்னாலும் 'மடாம் எஞ்சினியர்' என்று கூப்பிடுவாள். பகிடிதான், ஆனால் எனக்குப் பிடித்திருந்தது.

ஒரு மதியச் சாப்பாட்டின்போது தன் போனை என் பக்கம் திருப்பினாள்.

"இது என்ன கார் என்று சொன்னால் என் டெசேர், இந்த இனிப்பு, உனக்கு."

"ஏ-ஃபோட்டி," என்றேன். "ஐம்பதுகளில் வந்தது."

அவளுடைய கரண்டி நின்றுவிட்டது. யாழ்ப்பாணத்தில் இந்தக் கார்கள்தான் வாடகைக்கு ஓடின, கலியாணத்துக்கும் இதுதான் ஆஸ்பத்திரிக்கும் இதுதான், என் அப்பா ஒன்று ஓட்டினார் என்று சொன்னேன். புகைப்படத்தைப் பற்றிச் சொல்லவில்லை. டெசேரைச் சாப்பிட்டேன்.

அப்படி ஒரு கார் அவளுடைய கராஜில் நின்றது. அதை வைத்து அவளுக்கிருந்த ஆசை எளிமையானது. எல்லைக்கு அப்பால் கைவிடப்பட்ட ஒரு விமான ஓடுபாதையில், வருடத்துக்கு ஒருமுறை, கோடையில், கார்களின் வேகத்தை அளக்கிறார்கள். நின்ற இடத்திலிருந்து கிளம்பி ஒரு மைல். மைலின் முடிவில் என்ன வேகமோ அதுதான் கணக்கு. பழைய சின்ன எஞ்சின்களுக்குத் தனிப் பிரிவு. அதில் அவள் மணிக்கு நூறு மைல் தொடவேண்டும். அந்தக் கார் பிறந்த காலத்தில் எழுபதைத் தொட்டாலே கதவுகள் அழத் தொடங்கிவிடும்.

குளிர்காலம் முழுவதும், சனியும் ஞாயிறும், அவளுடைய வீட்டுக் கராஜில் அந்த எஞ்சினைப் பலப்படுத்தினோம். முதலில் வெறும் கூட்டை எடுத்து, காந்தம் ஏற்றி, இரும்புத் தூளைத் தூவினோம். வெடிப்பு இருந்தால் தூள் அங்கே போய்க் கோடாக நிற்கும். நீல விளக்கின் கீழே இரண்டு மணி நேரம் தேடினோம். எழுபது வயதுக் கூட்டில் ஒரு கோடு இல்லை. பிறகு சிலிண்டர்களைச் சுற்றித் தண்ணீர் ஓடும் வெற்றிடத்தின் கீழ்ப்பாதியை, இறுகினால் கல்லாகும் ஒரு பசையால் நிரப்பினோம், சுவர்கள் நெளியாமலிருக்க. சக்கரங்களைச் சுழற்றும் கிராங்க் தண்டைப் பிடித்திருக்கும் மூன்று வார்ப்பிரும்பு மூடிகளையும் எறிந்துவிட்டு, உருக்கில் புதிதாகக் கடைந்தாள். நான் கணக்குப் பார்த்து அளவு கொடுத்தேன், அவள் அந்த அளவுக்கு மயிரிழை பிசகாமல் வெட்டினாள். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் ஊதி ஒன்றைப் பூட்டினோம்.

கடைசியாகக் கொன்ரொட். பிஸ்டனையும் கிராங்க் தண்டையும் இணைக்கும் கை அது. நாலு சிலிண்டருக்கு நாலு. எஞ்சினில் அதிகம் அடிபடுவது அதுதான். சுழற்சி இரண்டு மடங்கானால் அதை இழுக்கும் விசை நாலு மடங்காகும். அதன் அடிப்பக்க மூடியை இரண்டு போல்ட்டும் நட்டும் பிடித்திருக்கும். ஒரு நட்டு இளகினால் போதும், கை கழன்று, கூட்டை உடைத்துக்கொண்டு வெளியே வரும், எண்ணெய் பின்சக்கரத்துக்குக் கீழே கொட்டும், தீயும் பிடிக்கலாம். நூறு மைல் வேகத்தில் உள்ளே இருப்பவருக்கு என்ன ஆகும் என்பதை நான் எழுதத் தேவையில்லை. அதனால் தொழிற்சாலை விதியைக் கராஜிலும் வைத்தோம். சுவரில் ஒரு கொப்பி தொங்கியது. 'இறுக்கியது', 'பார்த்தது' என்று இரண்டு நிரல். இறுக்கியது எப்போதும் நான். பார்த்தது அவள்.

வீட்டில் இதைச் சொன்ன அன்று அப்பா சோற்றில் கையை வைத்தபடி இருந்தார். பிறகு எழுந்துபோய்க் கையைக் கழுவினார்.

"பட்டம் எடுத்தும் கையில கிறீஸ்தான்," என்றார் அம்மா. "உன்ர அப்பாவுக்கு ஒரு கார் காணாதெண்டு இப்ப நீயும் ஒண்டு."

வசந்தத்தில், பனி உருகி ஒழுங்கைகள் எல்லாம் சேறாக இருந்த ஒரு ஞாயிறு காலை, அப்பா வேட்டியை மாற்றிக் காற்சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"நான் ஒருக்கா வந்து பாக்கலாமோ?"

மெற்றோவில் இரண்டு இடத்தில் மாறிப் போனோம். ரயில் ஆற்றுக்கு அடியால் போகும்போது அப்பா கண்ணை மூடிக்கொண்டார். நான் அவருக்குப் பெருமையாகக் காட்டப் போகிறேன் என்ற நினைப்பைத் தவிர எனக்கு வேறு நினைப்பு இருக்கவில்லை.

எஞ்சினை இன்னும் காரில் ஏற்றவில்லை. ஒரு இரும்புச் சட்டத்தில் பூட்டி, முதல் தடவையாக ஓட்டிப் பார்க்கும் நாள் அது. அப்பா "பொன்ஜூர்" சொல்லிவிட்டு நேரே காரிடம் போனார். எஞ்சின் இல்லாத அந்தக் காரின் பொனெற்றில், அக்கா உட்கார்ந்திருந்த இடம் எதுவோ அந்த இடத்தில், உள்ளங்கையை வைத்தார். எடுத்தார்.

"உவவுக்குச் சொல்லு, இது எழுபதுக்கு மேல போனா இடப்பக்கக் கதவு கழண்டு விழும் எண்டு."

சொன்னேன். லொங்குய்ய்க்காரி சிரித்தாள். "நாலு கதவையும் வெல்ட் பண்ணியாயிற்று என்று சொல்லு. நான் யன்னலால்தான் ஏறுவேன்."

"அப்ப இறங்கிறது?"

இதை நான் மொழிபெயர்க்கவில்லை.

எஞ்சினைக் கிளப்பினோம். கராஜ் அதிர்ந்தது. எண்ணெய் அழுத்தம் காட்டும் முள் எங்கே நிற்கவேண்டுமோ அங்கே நின்றது. நாங்கள் இருவரும் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்பா கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அந்த நிலை தெரியும். படிக்கட்டின் கடைசிப் படியில் நிற்கும் நிலை.

"நிப்பாட்டு பிள்ளை," என்றார். "மூண்டாவதில அடிக்குது."

"என்ன சொல்கிறார்?" என்று அவள் கேட்டாள்.

எனக்கு முகம் சூடாகியது. "மூன்றாவது கொன்ரொட்டில் தட்டுகிற சத்தம் கேட்கிறதாம்."

அவள் ஒரு நீண்ட இரும்புக் கோலை எஞ்சினில் ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்து, நாலு இடத்திலும் கேட்டாள். உதட்டைப் பிதுக்கினாள். நானும் கேட்டேன். நல்ல எஞ்சினின் சத்தம். அப்பா என்னைப் பார்த்தபடி நின்றார்.

"திறந்து காட்டு," என்றாள் அவள். "உன் அப்பா நிம்மதியாக வீட்டுக்குப் போகட்டும்."

எண்ணெயை வடித்து, எஞ்சினைச் சட்டத்திலேயே கவிழ்த்து, அடித்தட்டைக் கழற்றினோம். அந்த நேரத்தில் மேலேயிருந்து அவளுடைய அம்மா கூப்பிட்டார், அவள் போய்விட்டாள். நான் மூன்றாவதன் இரண்டு நட்டையும் கழற்றி, மூடியை எடுத்து அப்பாவின் கையில் வைத்தேன். உள்ளே, தண்டு உரசிச் சுழலும் பேரிங் கண்ணாடிபோல் இருந்தது.

"பாருங்கோ அப்பா. ஒரு கீறல் இல்லை."

அவர் பெருவிரலால் அந்த வளைவைத் தடவினார். திரும்பத் தடவினார். பிறகு, நான் மூடியை வாங்கித் திரும்பப் பூட்டத் தொடங்கியபோது, கேட்காமலே சொல்லத் தொடங்கினார்.

யுத்த காலத்தில் பெற்றோல் வரவில்லை. ஒரு சொட்டுப் பெற்றோலில் கிளப்பி, மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் எண்ணெயைத் தண்ணீராக்கி, பேரிங்கைத் தின்றது. மூன்றாவதில் தட்டத் தொடங்கியது. இன்னொரு காரில் கழற்றிய பேரிங் ஒன்றை எடுத்துப் போட்டார். அந்தக் காலத்து நட்டுகளுக்குக் கீழே ஒரு மெல்லிய தகடு இருக்கும்; நட்டை இறுக்கியபின் தகட்டின் ஓரத்தை மேலே மடித்துவிட்டால் நட்டு கழலாது. புதுத் தகடு எங்கேயும் இல்லை. பால்மா ரின்னை வெட்டித் தானே தகடு செய்தார்.

"முதலாவது நட்டுக்கு மடிச்சது தெரியும். கையை வெட்டினது. ரத்தம் துடைச்சனான். அப்ப மேல ஹெலி சுத்தினது. எல்லாரும் ஓடினவை, நானும் ஓடினனான். பேந்து வந்து அடியில சம்பைப் பூட்டினனான்." அவர் என் கையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ரெண்டாவது நட்டுக்கு மடிச்சனானோ எண்டு ஞாபகம் இல்லை."

மூன்றாம் நாள் அக்காவுக்குக் காய்ச்சல். அம்மாவின் மடியில் அவளைக் கிடத்திக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குக் காரை ஓட்டினார். பாதி வழியில் தட்டத் தொடங்கியது. மெதுவாகப் போனார். இன்னும் மெதுவாகப் போனார். பிறகு ஒரு பெரிய சத்தம், கார் நின்றது. அங்கிருந்து தூக்கிக்கொண்டு நடந்தார்கள்.

"தோளில போட்டுக்கொண்டு போனனான். சூடாத்தான் இருந்தவள். பேந்து சூடு குறைஞ்சது. காய்ச்சல் விட்டிட்டு எண்டு அம்மாவுக்குச் சொன்னனான்."

என் கை வேலை செய்துகொண்டிருந்தது. சிவப்பு மையை எடுத்து இரண்டு நட்டுக்கும் கோடு போட்டேன்.

லொங்குய்ய்க்காரி கீழே இறங்கி வந்தாள். கோட்டைப் பார்த்தாள். கோடு போடுமுன் அவள் பார்த்திருக்கவேண்டும்.

"என்னைக் கூப்பிடவில்லையே?"

"பார்த்துவிட்டேன். சரி."

அப்பாவுக்கு முன்னால் நான் கண் கலங்கி நின்றதை அவள் காணக்கூடாது என்றுதான் அப்படிச் சொன்னேன். அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு கொப்பியை எடுத்து 'பார்த்தது' என்ற நிரலில் கையெழுத்து வைத்தாள். எங்கள் வீட்டுப் படிவங்களில் அப்பா வைத்த மாதிரி.

அடுத்த நாள் காலை வேலைக்குப் போகும் வழியில், மெற்றோவில் நின்றபடி, அந்த இரண்டு நட்டையும் நினைத்துப் பார்த்தேன். மூன்று கட்டமாக இறுக்குவோம். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கிளிக். முதலாவது நட்டின் கடைசிக் கிளிக் ஞாபகத்தில் இருந்தது. அப்பா 'ரத்தம் துடைச்சனான்' என்று சொன்ன இடம் அது. இரண்டாவது நட்டின் கடைசிக் கிளிக்கைத் தேடினேன். அங்கே சத்தம் இல்லை. அப்பாவின் முகம் மட்டும் இருந்தது.

பழகிய கை மறக்காது என்று எனக்கே சொன்னேன். எண்ணெயை ஊற்றித் திரும்ப ஓட்டிப் பார்த்தோம், நன்றாக ஓடியது. எஞ்சினைக் காரில் ஏற்றினோம். அடியில் காற்று புகாத தகடு பூட்டினோம், கழற்றிவைத்திருந்த ஊதியையும் குழாய்களையும் பூட்டினோம். இனி அந்த நட்டைப் பார்க்கவேண்டுமென்றால் எல்லாவற்றையும் கழற்றி எஞ்சினைத் தூக்கவேண்டும். ஒவ்வொரு குழாயாகப் பூட்டும்போதும், இப்போது சொன்னால் அரை நாள் வேலை, இப்போது சொன்னால் ஒரு நாள் வேலை என்று மனம் கணக்குப் போட்டது. சொல்லவில்லை. கணக்கு எனக்கு நன்றாக வரும். நூறு மைல் வேகத்தில் அந்த நட்டை எத்தனை விசை இழுக்கும் என்று மூன்று விதமாகக் கணக்குப் போட்டேன், மூன்றும் ஒரே விடை. அது இறுகியிருந்ததா என்பதற்குக் கணக்கில் இடமில்லை.

தொழிற்சாலையில் பார்க்காததைப் பார்த்தேன் என்று எழுதியவரை அன்றே வெளியே அனுப்புவார்கள். அப்படி ஒருவர் போனதை நானே கண்டிருக்கிறேன். அன்று அவரைப் பற்றி நான் பேசிய பேச்சும் ஞாபகம் இருக்கிறது. படித்துக்கொண்டு வந்து பொய் எழுதிவிட்டாள் என்று என்னை யாரும் சொல்வதைக் கற்பனை செய்யக்கூட என்னால் முடியவில்லை. லொங்குய்ய்க்காரி நெருப்புப் பிடிக்காத உடுப்பைப் போட்டுப் பார்த்தாள். யன்னலால் ஏறிப் பழகினாள். "மடாம் எஞ்சினியர், எனக்குத் தொடை பெருத்துவிட்டது, யன்னலையும் பெரிதாக்கு," என்றாள். நான் சிரித்தேன். வீட்டில் கிளிக் என்று எந்தச் சத்தம் கேட்டாலும், அடுப்புப் பற்றவைக்கும் சத்தமானாலும், கை நின்றுவிடும்.

புறப்படவேண்டியது வியாழக்கிழமை. வெள்ளி காலை அங்கே காரைப் பரிசோதனைக்குக் காட்டவேண்டும். அதற்கு முந்திய ஞாயிறு அம்மா மெஷினைப் போட்டார். அப்பா எழுந்து போனார். இந்த முறை நானும் பின்னால் இறங்கிப் போனேன். இரண்டு பேரும் கடைசிப் படியில் நின்றோம். எதிர் வீட்டில் யாரோ சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"அப்பா, அந்தக் கார் பேந்து என்ன ஆனது?"

"ஆரோ இழுத்துக்கொண்டு போய் ஒரு வேலியோரம் விட்டவை. நாலு வருஷம் நிண்டது."

"நீங்க திறந்து பாக்கேல்லையோ?"

"இல்லை."

"நாலு வருஷமா?"

"அந்த ரோட்டால நான் போறேல்லை." அவர் சைக்கிளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆக்கள் சொன்னவை, மண்ணெண்ணெயில ஓடினா எல்லா எஞ்சினும் உப்பிடித்தான் போகும், உன்ர பிழை இல்லை எண்டு. ஓம் எண்டனான். திறந்து பாத்தா தெரிஞ்சிடுமெல்லோ."

மேலே மெஷின் வேகமெடுத்துச் சுழலும் சத்தம் கேட்டது. அப்பாவின் தலை மெல்லச் சாய்ந்தது. முப்பது வருடமாக அவர் இந்தச் சத்தத்துக்குள் அந்தத் தட்டலைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவருக்குப் பக்கத்தில், அவரைப் போலவே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நான் நிற்பதையும் அப்போதுதான் கண்டேன். கையை எடுத்தேன்.

அன்று பின்னேரமே லொங்குய்ய் போனேன். அவள் காரை ஏற்றும் இழுவை வண்டிக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தாள்.

"மூன்றாவதன் இரண்டாவது நட்டைக் கடைசிக் கட்டம் இறுக்கினேனா என்று எனக்குத் தெரியாது," என்றேன். "பார்த்துவிட்டேன் என்று அன்று சொன்னது பொய்."

அவள் காற்றுக் குழாயைக் கழற்றவில்லை. சக்கரம் நிரம்பும்வரை அடித்தாள். பிறகு எழுந்தாள்.

"எவ்வளவு நாளாகத் தெரியும்?"

"அடுத்த நாள் காலையிலிருந்து."

"அடுத்த நாள் காலையிலிருந்து," என்று திரும்பச் சொன்னாள். "நான் யன்னலால் ஏறி விழுந்து பழகினபோதும்?"

"ஓம்," என்றேன், தமிழில். அவளுக்கு விளங்கியது.

அவள் சுவரிலிருந்து கொப்பியை எடுத்தாள். என் பெயரை ஒன்றும் செய்யவில்லை. தன் கையெழுத்தின் மேல் ஒரு கோடு கீறினாள். "இது என் பிழை," என்றாள். "பார்க்காமல் வைத்தது நான்." திட்டியிருந்தால் அதைத் தாங்கியிருப்பேன்.

எஞ்சினைத் தூக்க மூன்று பின்னேரங்கள் ஆயின. திரும்பப் பூட்ட நேரமில்லை. புதன்கிழமை அவள் அங்கே நடத்துபவர்களுக்குப் போன் எடுத்து, இந்த வருடம் வரவில்லை என்று சொன்னாள். நான் பக்கத்தில் நின்றேன். ஒரு வருடம் முழுவதும் அவள் எந்த நாளைச் சொல்லிக்கொண்டிருந்தாளோ, அந்த நாளை எட்டு வார்த்தையில் முடித்துவிட்டாள்.

அடித்தட்டைக் கழற்றினோம். சிவப்புக் கோடு இரண்டும் அப்படியே இருந்தன. டோர்க் ரென்ச்சை அவள் எடுத்தாள். முதலாவது நட்டில் போட்டு இழுத்தாள். அசையவில்லை. கிளிக். இரண்டாவதில் போட்டாள். அசையவில்லை. கிளிக்.

இறுகித்தான் இருந்தது.

அவள் ரென்ச்சைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தாள். "நல்லது," என்றாள். அன்றிலிருந்து அவள் என்னை மடாம் எஞ்சினியர் என்று கூப்பிடவில்லை. என் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறாள்.

வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். அவருக்கு ஆறுதலாக இருக்குமென்று நினைத்தேன். கை மறக்காது, உங்களுடைய கையும் மறந்திருக்காது என்று சொல்லும் எண்ணம் எனக்கு. அவர் கேட்டுக்கொண்டிருந்தார். சாமித்தட்டுப் பக்கம் பார்க்காமலிருக்க முயல்வது தெரிந்தது.

"உனக்குத் தெரிஞ்சு போச்சு," என்றார். "நல்லது பிள்ளை."

நான் சொல்ல வந்ததைச் சொல்லவில்லை.

அடுத்த கோடையில் போனோம். அதற்கு முன் அந்த எஞ்சினை முழுவதுமாகத் திரும்பப் பூட்டினோம். அவள் புது விதி வைத்திருந்தாள். ஒவ்வொரு கிளிக்குக்கும் இறுக்குபவர் எண்ணை உரக்கச் சொல்லவேண்டும், தன் சொந்த மொழியில். ஒண்டு, ரெண்டு, மூண்டு என்று நான் சொல்ல, அவள் எனக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஒவ்வொன்றையும் பிறகு தானும் போட்டுப் பார்த்தாள். கோட்டை அவளே போட்டாள்.

ஓடுபாதையின் இரண்டு பக்கமும் பற்றைக்காடு. வானம் பெரிதாக இருந்தது. அவள் யன்னலால் ஏறினாள். நான் மைலின் முடிவில் நின்றேன். தூரத்தில் ஒரு புள்ளி, பிறகு அந்த உருண்ட மூக்கு, பிறகு சத்தம். அந்த முகம் எனக்கு நேரே வந்தது. பொனெற்றில் யாரும் இல்லை என்று எனக்குத் தெரியும், ஆனாலும் பார்த்தேன். காற்று முகத்தில் அடித்தது, கடந்துபோய்விட்டாள். தொண்ணூற்றேழு மைல். எஞ்சின் முழுசாக இருந்தது. அவளும் முழுசாக இருந்தாள். திரும்பி வந்து யன்னலால் தலையை நீட்டி, "மூன்று மைல் குறைகிறது, இன்னொரு தடவை," என்றாள்.

அப்பாவுக்குப் போன் எடுத்தேன். வரச் சொல்லியும் வரமாட்டேன் என்றிருந்தார்.

"அப்பா, நல்லா ஓடினது. கேக்கிறீங்களோ?"

போனைப் பொனெற்றுக்குப் பக்கத்தில் பிடித்தேன். எஞ்சின் மெல்ல ஓடிக்கொண்டிருந்தது, நல்ல சத்தம். ஒரு நிமிடம் அப்படியே பிடித்திருந்தேன். பிறகு அவள் சாவியைத் திருப்பி நிறுத்தினாள். சூடான இரும்பு ஆறும் சின்னச் சத்தம்கூட அடங்கியது. பற்றைக்காட்டில் காற்று மட்டும் இருந்தது. போனைக் காதில் வைத்தேன்.

அப்பா கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அவருடைய மூச்சு கேட்டது.

"பிள்ளை," என்றார், மெதுவாக. "நிப்பாட்டச் சொல்லு."

"நிப்பாட்டியாச்சு அப்பா," என்றேன்.